பி0010 வந்தா உடனே ஓசிவியை மாத்தாதீங்க: விவிடி வயரிங் பழுதை கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

மச்சான் ஒருநாள் காலைல போன் பண்ணி "மாப்ள, லைட்டு திரும்பவும் எரியுது"ன்னான். ரெண்டு வாரம் முன்னாடிதான் செக் என்ஜின் லைட் வந்துச்சுன்னு ஒரு கடைல விட்டு, அவங்க ஸ்கேனர் மாட்டி பி0010ங்கிற பழுது கோடை பாத்துட்டு புது ஓசிவி (என்ஜின் ஆயிலை திருப்பி விடுற சின்ன வால்வு) போட்டு ரெண்டாயிரத்து சொச்சம் வாங்கியிருக்காங்க. பத்து நாள் நல்லா ஓடுச்சு, அப்புறம் தெருமுனை ஸ்பீட் பிரேக்கர்ல ஏறி இறங்கும்போது லைட் வந்துருச்சு. இந்த ஸ்பீட் பிரேக்கர் விஷயத்தை அவன் சும்மா பேச்சோட பேச்சா சொன்னான், ஆனா எனக்கு அதுலயே பாதி விடை கிடைச்சுருச்சு. எப்படின்னு கடைசியில சொல்றேன்.

நான் வயரிங் வேலை பாக்குற ஆளு, பத்து விவிடி (வால்வு திறக்குற நேரத்தை மாத்துற சிஸ்டம்) வண்டி வந்தா அதுல பாதிக்கு மேல ஏற்கனவே ஒரு தடவை ஓசிவி மாத்தினதா இருக்கும். கோட் விளக்கத்துல ஆக்சுவேட்டர்னு பேர் வர்றதால எல்லாரும் ஓசிவிங்கிற அந்த பார்ட்டைத்தான் சந்தேகப்படுறாங்க. ஆனா அந்த வரியை முழுசா படிங்க, ஆக்சுவேட்டர் "சர்க்யூட்"னு இருக்கும். சர்க்யூட்னா பேட்டரில ஆரம்பிச்சு ஃப்யூஸ், ரிலே, வயர், கப்ளர் (வயரை பார்ட்டோட மாட்டுற சாக்கெட்), ஓசிவிக்குள்ள இருக்கிற காயில், திரும்ப வயர், இசிஎம் (என்ஜின் கம்ப்யூட்டர்), எர்த் வரைக்கும் மொத்தமும். அதுல காயில் ஒரே ஒரு ஆளு.

சிஸ்டம் எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம்

என்ஜின் வேகம், லோடு பொறுத்து வால்வு திறக்குற நேரத்தை முன்ன பின்ன நகர்த்துறதுதான் விவிடி. கேம்ஷாஃப்ட் (வால்வை திறக்குற தண்டு, சுருக்கமா கேம்) முனைல இருக்கிற ஃபேசருக்குள்ள என்ஜின் ஆயில் ஒரு பக்கம் போனா கேம் முன்னாடி திரும்பும், இன்னொரு பக்கம் போனா பின்னாடி திரும்பும். எந்தப் பக்கம் அனுப்பணும்னு தீர்மானிக்கிற குழாய் மாதிரி ஒரு சின்ன வால்வு, அதுதான் ஆயில் கன்ட்ரோல் வால்வு, சுருக்கமா ஓசிவி. அதுக்குள்ள ஒரு காயில், அதுக்கு ரெண்டு வயர். பெரும்பாலான வண்டில ஒரு வயர்ல சாவி போட்டதும் 12 வோல்ட் வந்து நிக்கும், இன்னொரு வயரை இசிஎம் நொடிக்கு பல தடவை எர்த்தோட தொட்டுத் தொட்டு விடும், எவ்வளவு நேரம் தொடுதுங்கிறதுதான் ட்யூட்டி.

டொயோட்டால இது வேற மாதிரி, பிளஸ் மைனஸ் ரெண்டு வயருமே இசிஎம்ல இருந்துதான் வரும், பிளஸ் பக்கம்தான் பல்ஸ் ஆகும். இது தெரியாம சாவி ஆன்ல 12 வோல்ட் வரலையேன்னு ஃப்யூஸ் ஃப்யூஸா தேடி ஒரு நாளை தொலைச்சவங்க உண்டு. அதனால மீட்டரை கைல எடுக்குறதுக்கு முன்னாடி உங்க வண்டி மாடலோட வயரிங் டயக்ராமை எப்படியாவது பாத்துருங்க. ஹோண்டாவோட விடெக் சோலனாய்ட் இன்னும் வேற, அது ஆன் ஆஃப் மட்டும்தான், நிறைய மாடல்ல ஒரே ஒரு வயர், எர்த் பாடி வழியா போயிரும், காயில் 14ல இருந்து 30 ஓம் இருக்கும். மோட்டார் வச்சு கேமை திருப்புற டைப்பும் இருக்கு, டொயோட்டா விவிடி-ஐஇ மாதிரி, அதுக்கு கீழ சொல்ற எதுவும் பொருந்தாது.

முதல்ல கோட், அழிக்காம

ஸ்கேனர் மாட்டுற ஓபிடி போர்ட் ஸ்டியரிங்குக்கு கீழதான் இருக்கும், 16 பின். ப்ளூடூத் டாங்கிள் ஒண்ணும் போன்ல ஒரு ஆப்பும் இருந்தாலே இந்த வேலைக்கு போதும். கோட் எழுதிக்கோங்க, கூடவே ஃப்ரீஸ் ஃப்ரேம்னு ஒண்ணு இருக்கும், பழுது வந்த அந்த நிமிஷம் வண்டி என்ன ஸ்பீடு, என்ன ஆர்பிஎம், கூலன்ட் எவ்வளவு சூடுன்னு எல்லாம் பதிஞ்சிருக்கும். அதை போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. கோடை அழிச்சா இதுவும் சேர்ந்து போயிரும், அதனால அழிக்கிற பட்டனை இப்போ தொடாதீங்க.

பி0010னா பேங்க் 1 (முதல் சிலிண்டர் இருக்கிற வரிசை) இன்டேக் கேம் பக்க சர்க்யூட், பி0013னா எக்ஸாஸ்ட் பக்கம். வி டைப் என்ஜின்ல ரெண்டாவது பேங்க்குக்கு பி0020, பி0023. பி2088 வந்தா இன்டேக் கன்ட்ரோல் சர்க்யூட்ல வோல்டேஜ் ரொம்ப கம்மி, பி2089 வந்தா ரொம்ப அதிகம். இதெல்லாம் எலக்ட்ரிக்கல் கோட், இந்த வழிகாட்டி இதுக்குத்தான்.

பி0011, பி0012 வேற ஜாதி. அங்க இசிஎம் சொல்றது "நான் சொன்ன இடத்துக்கு கேம் வரல"ங்கிறது மட்டும்தான், அதுக்கு காரணம் ஆயில் கம்மி, கசடு, தப்பான ஆயில், அடைச்ச ஃபில்டர், தேஞ்ச ஃபேசர்னு எது வேணா இருக்கலாம். மெல்லிசான 0டபிள்யூ20 ஆயில் ஊத்த வேண்டிய என்ஜின்ல "நம்ம ஊரு வெயிலுக்கு இதான் நல்லது"ன்னு கெட்டியான 20டபிள்யூ50 ஊத்தி விட்டா காலைல குளிர்ல அந்த ஆயில் நேரத்துக்கு ஃபேசருக்கு போய்ச் சேராது. பி0016னா கிராங்க்கும் கேமும் ஒத்துப்போகலன்னு அர்த்தம், டைமிங் செயின் பக்கம் போங்க. சர்க்யூட் கோடுக்கு ஆயில் காரணம் கிடையாது, இருந்தாலும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாக்க அரை நிமிஷம்தானே, பாத்துருங்க.

இன்னொண்ணு, பி0010 தனியா வந்திருக்கா கூட்டாளிகளோட வந்திருக்கான்னு பாருங்க. பி0443 பர்ஜ் வால்வு, பி0135 ஆக்ஸிஜன் சென்சார் ஹீட்டர் இதெல்லாம் ஒரே நேரத்துல சேர்ந்து வந்திருந்தா எல்லாத்துக்கும் பொதுவா 12 வோல்ட் குடுக்குற ஃப்யூஸ் இல்ல ஜாயின்ட் போயிருக்கும், ஒவ்வொரு பார்ட்டா கழட்டி சோதிக்கிறது வீண் வேலை. பேட்டரியும் ஒரு தடவை பாத்துருங்க, நிறுத்தி வச்சிருக்கும்போது 12.4ல இருந்து 12.6, ஓடும்போது 13.5ல இருந்து 14.5 இருக்கணும். வோல்டேஜ் குறைஞ்ச வண்டில எந்த கோடையும் நம்பாதீங்க.

கண்ணும் கையும்

ஓசிவி பொதுவா சிலிண்டர் ஹெட்ல டைமிங் செயின் பக்கமா இருக்கும், ஒரே போல்ட், ரெண்டு வயர் கப்ளர். பக்கத்துலயே மூணு வயரோட ஒண்ணு இருந்தா அது பெரும்பாலும் கேம் சென்சார், குழப்பிக்காதீங்க.

கப்ளரை கழட்டுறதுக்கு முன்னாடி லேசா ஆட்டிப் பாருங்க, லாக் உடைஞ்சு போய் சும்மா ஒட்டிக்கிட்டு நிக்கிறது ரொம்ப சகஜம், முந்தி யாராவது அவசரமா இழுத்திருப்பாங்க. கழட்டினா உள்ள ஆயில் இருக்கா பாருங்க. ஓசிவிக்குள்ள சீல் போச்சுன்னா ஆயில் பின் வழியா கப்ளருக்குள்ள வந்துரும், அங்கேயும் நிக்காது, விளக்குத் திரில எண்ணெய் ஏறுற மாதிரி வயருக்குள்ளயே செப்பு இழைங்களுக்கு நடுவுல ஊர்ந்து போகும். சில ஜெர்மன் கார்கள்ல இது இசிஎம் கப்ளர் வரைக்கும் போய் இசிஎம்மையே கெடுத்திருக்கு. கப்ளர்ல ஆயில் இருந்தா இசிஎம் பக்க கப்ளரையும் திறந்து பாக்காம விடாதீங்க, ஓசிவி மாத்துறதும் இந்த ஒரு கேஸ்ல நியாயமான செலவுதான்.

பச்சை பூத்திருக்கா, பின் பின்னாடி தள்ளிப்போயிருக்கா, பெண் பின் வாய் அகண்டு லூசா இருக்கானு பாருங்க. அப்புறம் எலி. மழைக்காலத்துல நாலு நாள் வண்டியை எடுக்காம விட்டா என்ஜின் மேல குடும்பம் நடத்தும், சின்ன வயரா பாத்து கடிச்சு வைக்கும், கடிச்ச இடம் பாதி நேரம் அடிப்பக்கமா இருக்கும். கண்ணாடியும் டார்ச்சும் வச்சு பாருங்க. என்ஜினை வாட்டர் வாஷ் பண்ணின மறுநாள் வந்த கோடுன்னா கப்ளரை காய வச்சாலே பாதி கேஸ் முடிஞ்சுரும்.

காயில் அளவு

கப்ளரை கழட்டி ஓசிவி பக்க ரெண்டு பின்னுக்கும் நடுவுல ஓம் பாருங்க. அதுக்கு முன்னாடி மீட்டரோட ரெண்டு முனையையும் ஒண்ணோட ஒண்ணு தொட்டு என்ன காட்டுதுன்னு பாத்து அதை கழிச்சுக்கணும், மலிவான மீட்டர்ல 0.3, 0.5 ஓம் வயர்லயே போயிரும், 7 ஓம் அளக்குற இடத்துல அது கணக்குல வரும். டொயோட்டா விவிடி-ஐ ஓசிவிக்கு 20 டிகிரில 6.9ல இருந்து 7.9 ஓம், நம்ம ரோட்டுல ஓடுற மத்த ரெண்டு வயர் ஓசிவி நிறையவும் கிட்டத்தட்ட 7 ஓம் பக்கம்தான்.

சூடான என்ஜின்ல அளந்து 9 ஓம் வந்தா பதறாதீங்க. செம்பு ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் ஏறும், 20ல 7.2 ஓம் இருந்தா 100 டிகிரில 9.5 கிட்ட வரும், அது சரியான அளவு. பழுது சூட்டுல மட்டும் வருதுன்னா சூட்டோட அளக்குறதுதான் முறை, ஆறின காயில் நல்ல பிள்ளையா நடிக்கும். முடிவில்லாம காட்டினா காயில் அறுந்திருக்கு, 1, 2 ஓம்னா உள்ள ஷார்ட், அதோட திரும்ப மாட்டினா இசிஎம் டிரைவருக்கு (காயிலை ஓட்டுற இசிஎம் உள் சர்க்யூட்) ஆபத்து. ரெண்டு பின்னையும் தனித்தனியா ஓசிவி உடம்போட அளங்க, எதுவும் காட்டக்கூடாது.

கையோட ஒரு கிளிக் டெஸ்ட். பேட்டரில இருந்து ஃப்யூஸ் போட்ட வயர் வச்சு ரெண்டு பின்னுக்கும் ஒரு செகண்ட் 12 வோல்ட் குடுங்க, டக்னு சத்தம் வரணும். இதையே என்ஜின் சூடாகி ஐடில்ல ஓடும்போது செஞ்சா என்ஜின் ஆடும் இல்ல நின்னே போகும். நின்னா சந்தோஷப்படுங்க. காயில், வால்வு, ஆயில், ஃபேசர் எல்லாம் உயிரோட இருக்குன்னு ஒரே அடில தெரிஞ்சுருச்சு, மிச்சம் இருக்கிறது வயரும் இசிஎம்மும்தான். ஃபேன் எப்போ வேணா சுத்தும், கை, துண்டு, செயின் எல்லாம் தள்ளி இருக்கட்டும்.

12 வோல்ட் வருது, ஆனா வரல

இந்த இடத்துலதான் எல்லாரும் ஏமாறுறோம், அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன். கப்ளர் கழட்டியிருக்கும்போது சாவி ஆன் பண்ணி சப்ளை பின்னுக்கும் (12 வோல்ட் வந்து நிக்கிற பின்) பேட்டரி மைனஸுக்கும் நடுவுல அளந்தா 12.4 காட்டும், வயர் ஓகேன்னு முடிவு பண்ணிருவோம். டிஜிட்டல் மீட்டர் உள்ள 10 மெகா ஓம் கிட்ட இருக்கும், அதாவது அது கரண்டே இழுக்காது. வயர்ல 20 இழை இருந்து 19 அறுந்து ஒண்ணு மட்டும் தொங்கிக்கிட்டு இருந்தாலும் மீட்டர் முழு 12.4ஐ காட்டும். கண்டின்யூட்டி பீப்பும் அப்படித்தான், நிறைய மீட்டர்ல 30 ஓம், 50 ஓம் வரைக்கும் கூட சந்தோஷமா பீப் அடிக்கும், நமக்கு இங்க அரை ஓமே அதிகம்.

இதுக்கு நான் வச்சிருக்கிற கருவி ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பு, ஹோல்டர்ல ரெண்டு வயர் வச்சு சால்டர் பண்ணினது. ஏன் 21 வாட்னா, 12 வோல்ட்ல அது 1.75 ஆம்பியர் இழுக்கும், 7 ஓம் ஓசிவி காயிலும் 1.7 கிட்டத்தான் இழுக்கும். ஓசிவி என்ன லோடு குடுக்குமோ அதையே பல்பு குடுக்குது. எல்இடி டெஸ்டர் இதுக்கு பிரயோஜனம் இல்ல.

பல்போட ஒரு முனை சப்ளை பின்ல, இன்னொண்ணு பேட்டரி மைனஸ்ல. பளிச்சுனு எரியணும். எரியும்போதே அந்த பின்ல வோல்டேஜ் அளங்க, பேட்டரில இருக்கிறதை விட அரை வோல்ட்டுக்கு மேல குறையக்கூடாது. மங்கலா எரிஞ்சா சப்ளை வழில எங்கயோ ரெசிஸ்டன்ஸ் இருக்கு, ஃப்யூஸ் பாக்ஸ் பக்கமா ஒவ்வொரு ஜாயின்ட்டா பின்னாடி போய் எந்த இடத்துல வோல்டேஜ் திடீர்னு ஏறுதுன்னு பாருங்க, அந்த ரெண்டு இடத்துக்கு நடுவுலதான் பழுது. எரியவே இல்லன்னா ஃப்யூஸ், மெயின் ரிலே. சில வண்டில சாவி ஆன் பண்ணி சில செகண்ட்ல ரிலே விட்டுரும், அந்த மாதிரினா என்ஜினை ஓட விட்டு பாருங்க.

கன்ட்ரோல் வயர்

இசிஎம் எர்த்தோட தொடுற வயர்தான் இது, இந்தப் பக்கம் அதே பல்பை எடுத்துட்டு வராதீங்க, தயவு செஞ்சு. ஆறின பல்பு இழை எரியுற பல்பை விட பத்து மடங்கு கரண்டை முதல் நொடில இழுக்கும், இசிஎம் டிரைவர் அதை ஷார்ட்னு நினைச்சு மூடிக்கும், பழைய இசிஎம்னா போயே போயிரும். நல்ல இசிஎம்மை டெஸ்ட் பண்றோம்னு கொன்னது நிறைய.

சரியான முறை, கப்ளரை திரும்ப மாட்டிட்டு பின்பக்கமா ரப்பர் சீல் ஓரமா மெல்லிசான குண்டூசியை பின் வரைக்கும் நுழைச்சு அதுல அளக்குறது. ரெண்டு ஊசியும் ஒண்ணோட ஒண்ணு தொடக்கூடாது. இன்சுலேஷனை குத்தி ஓட்டை போடாதீங்க, அடுத்த மழைல அந்த ஓட்டைதான் பழுதாகும். சாவி ஆன், என்ஜின் ஆஃப், இசிஎம் இன்னும் எர்த் பண்ணல, அப்போ ரெண்டு பின்லயும் 12 வோல்ட் இருக்கணும், ஏன்னா காயில் வழியா வந்து அந்தப் பக்கமும் நிக்கும். சப்ளைல 12 இருந்து கன்ட்ரோல்ல 0 வந்தா ஒண்ணு காயில் அறுந்திருக்கு இல்ல கன்ட்ரோல் வயர் எங்கயோ எர்த்தை தொடுது. எர்த் ஆகியிருந்தா ஓசிவி சாவி போட்டதுல இருந்தே முழுசா இழுபட்டு நிக்கும், ஐடில் கோணலா ஆடும். அறுந்திருந்தா பெருசா ஒண்ணும் தெரியாது, வண்டி பிக்கப் இல்லாம சோம்பேறித்தனமா போகும், அவ்வளவுதான்.

என்ஜினை ஓட விட்டு ஆர்பிஎம் ஏத்தி இறக்குங்க, கன்ட்ரோல் பின் வோல்டேஜ் ஏறி இறங்கணும், ட்யூட்டி பாதினா கிட்டத்தட்ட பாதி வோல்டேஜ் காட்டும். அசையாம சப்ளை வோல்டேஜ்லயே நின்னா இசிஎம் இழுக்கல, இல்ல இழுக்குறது இங்க வந்து சேரல. கோட் வந்தப்புறம் சில இசிஎம் பாதுகாப்புக்காக டிரைவை நிறுத்தி வச்சிரும், அதனால இந்த டெஸ்டுக்கு முன்னாடி கோடை அழிச்சுக்கலாம், இப்போ அழிச்சா பரவால்ல, எல்லாம் எழுதி வச்சாச்சு. ஓசிவி கப்ளர் கழட்டின நிலைல கன்ட்ரோல் பின்ல 3, 4 வோல்ட் மாதிரி ஏதோ காட்டினா அதையும் கண்டுக்காதீங்க, வயர் அறுந்திருக்கான்னு தெரிஞ்சுக்க இசிஎம்மே போடுற சின்ன வோல்டேஜ் அது.

வயர் மேல சந்தேகம் வந்தா பேட்டரி மைனஸை கழட்டி, அப்புறம் இசிஎம் கப்ளரை கழட்டி, ஓசிவி கப்ளரையும் கழட்டி வயர் மட்டும் தனியா நிக்கட்டும். எர்த்தோடவும் சப்ளை வயரோடவும் அளந்தா எதுவும் காட்டக்கூடாது. அப்புறம் பல்பு, இப்போ இசிஎம் இல்லாததால தைரியமா போடலாம். பேட்டரி பிளஸ்ல இருந்து பல்பு வழியா ஓசிவி முனைக்கு, இசிஎம் முனைல இருந்து நேரா பேட்டரி மைனஸுக்கு. பளிச்சுனு எரிஞ்சா வயர் நல்லா இருக்கு. தடிமனான முனையை பெண் பின்ல திணிக்காதீங்க, வாய் அகண்டா புதுசா ஒரு பழுதை நீங்களே போட்டதா ஆகும்.

இது எல்லாம் சரியா இருந்து இசிஎம் எர்த் வயர்களும் லோடுல 0.2 வோல்ட்டுக்கு மேல விழலன்னா மட்டும் இசிஎம்மை பத்தி பேசலாம்.

ஆட்டிப் பாத்தாதான் தெரியும்

மச்சான் வண்டிக்கு வர்றேன். காயில் 7.4, கிளிக் இருக்கு, ஐடில்ல 12 வோல்ட் குடுத்ததும் என்ஜின் நின்னுச்சு. சப்ளை பின்ல 12.4. இந்த இடத்துல நிறுத்தியிருந்தா நானும் இசிஎம்னு சொல்லியிருப்பேன். பல்பை போட்டேன், சாயங்காலம் விடிவிளக்கு மாதிரி சிவப்பா எரிஞ்சுச்சு, பின்ல 7 வோல்ட் சொச்சம்.

ஸ்பீட் பிரேக்கர்ல என்ஜின் மவுண்ட்ல ஆடும், ஹார்னஸ் (வயர் கட்டு) ஒரு பக்கம் என்ஜினோடவும் இன்னொரு பக்கம் பாடியோடவும் கட்டியிருக்கும், அப்போ எங்க மடங்குதோ அங்கதான் அறும். பல்பு எரியவிட்டு ஹார்னஸை சாண் சாணா பிடிச்சு மடக்கிக்கிட்டே வந்தேன், மச்சான் பல்பை பாத்து "இப்போ, இப்போ"ன்னு கத்தினான், ஒரு கிளாம்ப் பக்கத்துல மடக்கும்போது பல்பு சுத்தமா அணைஞ்சுச்சு. மேல சுத்தியிருந்த கறுப்பு பைப்பை பிரிச்சா வயர் பாக்க புதுசு மாதிரி இருக்கு, ஒரு கீறல் இல்ல. விரலால அழுத்தினா அந்த ஒரு இடம் மட்டும் நூல் மாதிரி மெத்துனு அமுங்குது. இன்சுலேஷனை கீறிப் பாத்தா உள்ள பச்சையா பொடிஞ்சு போய் ரெண்டே இழை மிச்சம். அந்தப் பத்து நாள் லைட் அணைஞ்சிருந்ததுக்கு காரணம் புது ஓசிவி கிடையாது, அதை மாட்டும்போது கை பட்டு ஹார்னஸ் கொஞ்சம் நகர்ந்ததுதான்.

கெட்ட பகுதியை பளபளன்னு செம்பு தெரியுற வரைக்கும் ரெண்டு பக்கமும் வெட்டி எடுத்து, அதே தடிமன்ல புது வயர் துண்டு போட்டு, கிரிம்ப் பண்ணி உள்ள பசை இருக்கிற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டேன். முறுக்கி டேப் சுத்துறது வேண்டாம், என்ஜின் சூட்டுல டேப் பசை உருகி ஒரு வருஷத்துல அவுந்துரும். ஜாயின்ட் மடங்குற இடத்துல வராம தள்ளி வச்சு, ஹார்னஸுக்கு ரெண்டு விரல் அளவு தளர்வு விட்டு கட்டினேன். திரும்ப பல்பு போட்டப்போ பின்ல 12.1.

கோடை அழிச்சு, ஆப்ல இசிஎம் கேக்குற கேம் கோணமும் நிஜமா வர்ற கோணமும் ஒண்ணா நகருதான்னு பாத்துக்கிட்டே அதே ஸ்பீட் பிரேக்கர்ல ஏழெட்டு தடவை ஏத்தி இறக்கினோம், டீக்கடைல இருந்தவங்க ஒரு மாதிரியா பாத்தாங்க. நீங்களும் ஆறின என்ஜின்ல ஸ்டார்ட் பண்ணி நல்லா சூடாகுற வரைக்கும் டவுன்லயும் பைபாஸ்லயும் ரெண்டு மூணு நாள் ஓட்டிட்டு, பென்டிங் கோட் (லைட் போடாம இசிஎம் குறிச்சு வச்சிருக்கிற கோட்) எதுவும் இருக்கான்னு ஒரு தடவை பாருங்க. லைட் எரியலைங்கிறதை மட்டும் நம்பாதீங்க, பல வண்டில ரெண்டாவது ஓட்டத்துலயும் பழுது வந்தாதான் லைட்டே போடும்.

கழட்டிப் போட்ட பழைய ஓசிவி அவன் டிக்கிலயே கிடந்துச்சு. அளந்தேன், 7.3 ஓம். நியூஸ்பேப்பர்ல சுத்தி ஸ்டெப்னி பக்கத்துல வச்சிருக்கான், ஸ்பேர்னு.